கிண்ணத்தில் மிஞ்சியது

என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வாசலிலேயே நின்றுகொள்கிறார்கள். அப்புறம் மெதுவாக, "இப்ப ஒண்ணும் இல்லையே டீச்சர்?" என்கிறார்கள். ஒன்றும் இல்லை. மூன்று தடவை சளி சோதித்து, மூன்று தடவையும் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாராளமாக உள்ளே வந்து உட்காரலாம். ஆனாலும் பதினொரு மாதம் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு மூச்சு பத்தாது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் கிருபை. ஆலங்குடி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அப்பா காலமாகிவிட்டார். ஆத்தாவும் நானும் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமான சின்ன வீட்டில் இருந்தோம். மகாராஜா ஆட்சி முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

மழைக்காலத்தில் இருமல் வந்தது. மழை போயிற்று, இருமல் போகவில்லை. சாயங்காலமானால் மேல் கதகதவென்று இருக்கும், விடியும்போது ரவிக்கை வேர்த்து நனைந்திருக்கும். ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது துப்பியதில் சிவப்பாக ஒரு நூல். வேப்பங்குச்சி ஈறைக் குத்திவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் கரித்தூளால் விளக்கினேன். அப்போதும் நூல் வந்தது. பயம் வந்துவிட்டால் படித்தவள், படிக்காதவள் என்று என்ன வித்தியாசம் இருக்கிறது? மூன்று வாரம் ஈறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நினைக்க முடியவில்லை. எங்கள் சித்தப்பா சயரோகத்தில் போனவர். அவருடைய துப்பல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். அது பாதிதான். சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம்தான் பெரிது.

இனிமேல்தான் நான் செய்த தப்பு வருகிறது. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம். அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆண்டவரின் உடலாகவும் இரத்தமாகவும் வாங்கிக்கொள்கிற ஆராதனை. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலமே போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்காதவர் ஏதோ பாவத்தில் இருக்கிறார் என்று ஊரே முடிவு கட்டிவிடும். அதுவும் கல்யாணமாகாத டீச்சர் பெயர் கொடுக்கவில்லை என்றால் கேட்கவே வேண்டாம், ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். அது ஒரு புறம் இருக்கட்டும். எனக்கே அது வேண்டியிருந்தது. உள்ளே ஏதோ என்னைத் தின்றுகொண்டிருக்கும்போது, நான் இன்னும் ஆண்டவருடைய ஆள்தான் என்று வாயால் மென்று விழுங்கித் தெரிந்துகொள்ள ஒரு இடம் அதுதான். அதை விட்டுவிட்டால் நான் யாருமில்லாதவள் ஆகிவிடுவேன் என்று நடுங்கினேன்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே வெள்ளிக் கிண்ணம். ஆண்கள் முதலில் போய் முழங்காலிடுவார்கள், அப்புறம் பெண்கள். ஐயர், அதாவது எங்கள் போதகர், எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், கிண்ணத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைத்து, விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் வாயில் வைப்பார். என் வாய் பட்ட கிண்ணம் இன்னொருத்தி வாய்க்குப் போகக் கூடாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பெண்களில் கடைசி வரிசையில், கடைசி ஆளாகப் போய் முழங்காலிடுவது. எனக்கு அப்புறம் ஒருவரும் இல்லை. யாருக்கும் ஒட்டாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆத்தாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் கோயிலில் பின்னால் தரையில் உட்கார்ந்து, மற்ற எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் கிண்ணத்துக்குப் போக வேண்டும். ஆண்டவருக்கு முன்னால் எல்லோரும் ஒன்று என்று பிரசங்கம் மட்டும் நடக்கும். எங்கள் அப்பா வாலிபனாக இருக்கும்போது ஒரு ஞாயிறு நேராகப் போய் முதல் வரிசையில் நடுவே முழங்காலிட்டுவிட்டார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அப்போதிருந்த ஐயர் ஒரு நிமிஷம் நின்றாராம், அப்புறம் அவர் முழங்காலிட்ட இடத்திலேயே கிண்ணத்தைக் கொடுத்தாராம். அந்தச் சண்டை ஓய இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் யார் முதலில் வந்தாலும் முதலில் என்று ஆனது.

"ஒங்கப்பாரு அடி வாங்கி எடுத்த எடம்டி அது," என்றாள் ஆத்தா. "யாரு ஒன்னய அங்கிட்டுத் தள்ளுனா? சொல்லு, நான் போயிக் கேக்குறேன்."

"ஒருத்தரும் தள்ளல ஆத்தா. சும்மா இரு."

"சும்மா இருக்கவா? பெறகு ஏன்டி வேலைக்காரி மாதிரி கடைசியில போயி நிக்கிற?"

ஆறு முதல் ஞாயிறும் கடைசியில்தான் போனேன். ஆத்தா மூன்றாவது மாதத்திலிருந்து கோயிலில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

வருஷப் பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் காலை, ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. கையால் வாயைப் பொத்தினேன். கை நிறைந்து முழங்கை வரை வழிந்தது. முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண், "டீச்சர், வெத்தல போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கே புதுக்கோட்டை பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார்கள். ஆத்தா ஒரு ஈயச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு, நான் துப்பத் துப்ப அதில் வாங்கினாள். செம்புக்குள் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாக முந்திரித் தோப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடம் என்றால் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். ஒருவர் இருமலை மட்டும் ஒருவர் கேட்டு, நம்முடையதைவிட மோசமா, தேவலையா என்று மனசுக்குள் எடை போடுவோம். இருட்டு அறையில் சட்டத்தில் நெஞ்சை ஒட்டவைத்து, "மூச்சப் புடிங்க" என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். என்னால் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது தடவைதான் படம் விழுந்தது.

டாக்டரம்மா படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். நடுத்தர வயசு, சுருக்கமாகப் பேசுவார், ஆனால் பொய் சொல்ல மாட்டார். நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியும், நோய் பிடித்த இடம் வெள்ளையாகத் தெரியும். எனக்கு இடது பக்கம் மேலே புகை படிந்தது மாதிரி வெள்ளை, அதற்கு நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வட்டம்.

"இது ஓட்டை. கிருமி அரிச்ச எடம். இதுலேர்ந்துதான் ரத்தம் வருது. ஒங்க சளியிலயும் கிருமி இருக்கு. நீங்க இருமினா, காத்துல கலந்து பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் போகும்."

"காத்துலயா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் காத்துலதான். எத்தன நாளா தெரியும்?"

கிண்ணத்துக்கு அவ்வளவு கணக்குப் போட்டவள், முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆறு மாதம் இருமிக்கொண்டு நின்றிருக்கிறேன். நீ யாருடைய பிள்ளை என்று நான் கேட்டால் ஆண்டவர் பிள்ளை என்று கத்துகிற பிள்ளைகள். டாக்டரம்மா திட்டவில்லை. யார் யாரோடு நெருங்கி இருந்தீர்கள் என்று கேட்டுப் பட்டியல் எழுதினார். பிள்ளைகள், ஆத்தா, பள்ளிக்கூடத்து மற்ற இரண்டு டீச்சர்கள். ஒரு வாரத்தில் ஆட்களை அனுப்பிப் பிள்ளைகளையெல்லாம் பார்த்தார்கள். ஆத்தாவுக்குப் படம் எடுத்தார்கள். ஒருவருக்கும் இல்லை என்று சேதி வருகிறவரை நான் ஒரு வாய் சோறு தின்னவில்லை. வந்த பிறகு தலையணையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பெண்கள் வார்டு ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை. இரண்டு பக்கமும் முழுச் சுவருக்குப் பதில் இடுப்பளவு கட்டைச் சுவர், மேலே திறந்தவெளி. காற்றுதான் பாதி மருந்து என்பார்கள். மற்றப் பாதி, இடுப்பில் தினமும் ஒரு ஊசி. அது வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. முன்னால் பிழைக்காதவர்கள் எல்லாம் அதில் பிழைக்கிறார்கள் என்றார்கள். அதைப் போட்டால் காதுக்குள் சில்வண்டு கத்தும், எழுந்து நின்றால் கொட்டகை சுற்றும். அதோடு ஒரு வெள்ளைப் பொடி. ஒரு கை நிறைய, மூன்று வேளை. அதன் கசப்புக்கு வேப்பெண்ணெயே தேவலை.

வாரம் ஒரு தடவை காற்றூசி. விலா எலும்புகளுக்கு நடுவில் நீள ஊசியைக் குத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்று ஏற்றுவார்கள். சுற்றிலும் காற்று நெருக்கினால் நுரையீரல் சுருங்கி அசையாமல் கிடக்கும், ஓட்டை மூடிக்கொள்ள வழி கிடைக்கும். கால் ஒடிந்தால் அசையாமல் கட்டிவைக்கிறோமே, அந்த மாதிரி என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. ஊசி தோலைத் தாண்டி உள்ளே போகும்போது 'டப்' என்று ஒரு சத்தம் என் உடம்புக்குள்ளிருந்தே கேட்கும். செவ்வாய்க்கிழமை ஊசி என்றால் ஞாயிற்றுக்கிழமையே எனக்கு நடுக்கம் ஆரம்பித்துவிடும். இதில் செத்தவர்களும் உண்டு என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். யார் சொன்னது என்று தெரிந்தால் இன்றைக்கும் நாலு வார்த்தை கேட்பேன்.

என் தட்டு தனி, டம்ளர் தனி, மூடி போட்ட துப்பல் குவளை தனி. எல்லாவற்றிலும் சிவப்புச் சாயத்தில் என் கட்டில் நம்பர். இந்த நம்பரைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு விட்டுப்போகும். மனுஷர்கள் தொடக்கூடாதவளை ஆண்டவர் மட்டும் தொடுவாரா? மீட்டுக்கொண்டார், மீட்டுக்கொண்டார் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேனே, மீட்டுக்கொண்ட பொருளை இப்படிக் கொட்டகையில் ஒதுக்கியா வைப்பார்கள்? இதைக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆத்தா வாரம் ஒரு தடவை வருவாள். முருங்கைக்கீரைச் சாறு, அவித்த முட்டை, கருவாட்டுப் பொடி. முதல் மாதம் கட்டைச் சுவருக்கு அந்தப் புறமே நிற்க வேண்டும். ஒரு நாள் அங்கே நின்றபடியே, "அதுக்காகத்தான் கடைசியில போனியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முட்ட ஆறிப்போகுது, தின்னு" என்றாள். மறுவாரம் முட்டை இரண்டாக வந்தது.

அடுத்த கட்டிலில் பாத்துமா அக்கா. கோட்டைப்பட்டினத்துக்காரர், கொழும்பு வியாபாரியின் மனைவி. எனக்கு முன்னால் வந்தவர். வார்டு முழுக்க அழுகிற நேரத்திலும் அவர் ஒருத்தர்தான் சிரிக்கவைப்பார். மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், ஓய்வு நேரத்தில் அசையாமல் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.

"எங்க ஊரு கல்யாணத்துல ஒரே தாம்பாளத்தச் சுத்தி நாலு பேரு ஒக்காந்து சாப்புடுவோம் டீச்சர். சஹன்னு சொல்லுவோம். எனக்கு நோவுன்னு தெரிஞ்சப்புறம் எங்க மதினி கல்யாணத்துல நான் வயித்து வலின்னு சொல்லிப் பசியோட ஒக்காந்திருந்தேன். ஒங்க சாமி கும்புடுறதுலயும் ஒரே கிண்ணம்தானாமே? நீங்க என்ன பண்ணுனீங்க?"

என் சாமர்த்தியத்தைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அக்கா கேட்டுவிட்டு, "நல்ல புத்திதான். அப்ப, கடைசியில மிச்சம் கெடக்கிறத என்ன பண்ணுவாங்க? கீழ கொட்டிருவாங்களா?" என்றார்.

"கொட்டக் கூடாதுக்கா. அது ஆண்டவர் ரத்தம். ஐயரே..." என்று ஆரம்பித்தேன்.

ஐயரே திரும்பி நின்று ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடுவார். சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு இடத்துக்குத் திரும்பும்போது அவர் முதுகைக் காட்டி நின்று, தலையைச் சாய்த்து, கிண்ணத்தைக் கவிழ்ப்பார். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! யார் யாருக்கு ஒட்டும் என்று விரல் விட்டு எண்ணியபோது ஐயரை நான் மனுஷர்களோடு சேர்த்து எண்ணவில்லை. டாக்டரம்மா பட்டியல் கேட்டபோதும் சொல்லவில்லை. ஆறு மாதம், கடைசி வாய் என்னுடையது, அதற்கு அடுத்த வாய் அவருடையது. அறுபது வயது, குச்சி மாதிரி உடம்பு.

அன்றைக்குச் சாயங்காலம் ஜுரம் நூற்றுமூன்று. நர்ஸ் மருந்தினால் என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை ஐயர் வந்தார். முன்பெல்லாம் வராந்தாவில் நின்றே ஜெபித்துவிட்டுப் போவார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் விட்டார்கள். கையில் சின்னத் தோல் பெட்டி. நோயாளிகளுக்கு இராப்போஜனம் கொடுக்கிற குட்டிக் கிண்ணமும் அப்பமும் ஐயரம்மா உலர்திராட்சை ஊறவைத்துப் பிழிந்த ரசமும் அதில் இருக்கும். தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அரை மணி உட்கார்ந்திருந்தார். போகும்போது வராந்தாவில் இருமினார். வறட்டு இருமல், மூன்று தடவை. எனக்கு உயிரே போய்விட்டது.

அதற்கடுத்த வாரமும் தூங்கினேன். அதற்கடுத்த வாரமும். அவர் இருமலை மட்டும் எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஆண்டவரே, எனக்கு இரண்டு பக்கமும் ஓட்டை விழட்டும், அவருக்கு மட்டும் வேண்டாம் என்று ஜெபிப்பேன். சொல்லி வாயை மூடுவதற்குள், ஐயோ, எனக்கும் வேண்டாம் என்று திருத்திக்கொள்வேன். நான் அவ்வளவுதான். பரிசுத்தவாட்டி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியில் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிவைத்தார். "கிண்ணத்தால ஒட்டுறது அபூர்வம். ஆனா ஒட்டவே ஒட்டாதுன்னு எழுதிக் குடுக்க மாட்டேன். அவர் இருமுறாருன்னு வேற சொல்றீங்க. படம் எடுத்துப் பாத்துருவோம். ஆனா நீங்கதான் அவர்கிட்டச் சொல்லணும்."

அந்த வியாழக்கிழமை நான் தூங்கவில்லை. அவர் வந்து ஸ்டூலில் உட்காருமுன்னே கேட்டேன்: "ஐயா, ஒங்களுக்கு எத்தன நாளா இருமல்?"

"பஸ் புழுதிம்மா. அத விடு. நீ எப்படி இருக்க?"

"ஐயா, எனக்கு நோவு இருக்கிறது இங்க வர்றதுக்கு முன்னாடியே ஆறு மாசமாத் தெரியும். தெரிஞ்சேதான் கிண்ணத்துல வாய் வெச்சேன். கடைசியில வந்தா யாருக்கும் ஒட்டாதுன்னு நெனச்சேன். ஒங்கள மறந்துட்டேன்யா."

அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். நடக்கவில்லை. அவர் பெட்டியைத் தரையில் வைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்னங்கய்யா?"

"மொத மாசம் நீ கடைசியில வந்தப்ப, பழைய சண்டைய யாரோ மறுபடி கெளப்பி ஒன்னயத் தள்ளிட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டாவது மாசம் தொடைக்கிற துணியப் பாத்தேன். திராட்சரசக் கறை வேற, ரத்தக் கறை வேற. ஐயரம்மாகிட்டக்கூடக் குடுக்காம நானே அலசிப் போட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சிருந்தா ஏன்யா சொல்லல? அன்னைக்கே இங்க வந்திருப்பேனே! பிள்ளைகளுக்கு முன்னாடி நின்னு இருமிக்கிட்டு இருந்திருக்க மாட்டேனே!"

"சொல்லியிருக்கணும். ஒன் வேலை போயிருமேன்னு நெனச்சேன். நீயா வந்து சொல்லுவன்னு நெனச்சேன். இதெல்லாம் சாக்கு. எனக்குத் தைரியம் இல்ல." தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொண்ணும் இருக்கு. அத ஒன்கிட்டச் சொல்லத்தான் இந்த மூணு வாரமா வாரேன். நீ தூங்குற மாதிரி படுத்திருந்த. எனக்கும் அது வசதியாப் போச்சு."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"நாலாவது மாசம். நீ குடிச்சிட்டு எந்திரிச்சுப் போன. சபை பாடிக்கிட்டு இருக்கு. நான் திரும்பி நின்னு கிண்ணத்த எடுத்தேன். குடிக்கிற மாதிரி தலையச் சாச்சேன், குடிக்கல. துணியப் போட்டு மூடி வெச்சேன். எல்லாரும் போனப்புறம் கோயிலுக்குப் பின்னால கொண்டுபோயி மண்ணுல ஊத்திட்டேன். முப்பது வருசத்துல அப்படிச் செஞ்சதில்ல. அது ஆண்டவர் ரத்தம்னு ஒங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தவன் நான். அன்னைக்கு அது எனக்கு ஒன் ரத்தமா மட்டும்தான் தெரிஞ்சுது."

"ஒரு மாசம் தப்பிச்சீங்களேய்யா!" என்றேன். சிரித்தேன், இருமினேன், குவளையை எடுத்துத் துப்பினேன். நிஜமாகவே அவ்வளவு சந்தோஷம். அதற்கு அப்புறம்தான் வலித்தது. என் அப்பாவுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து போனவர்கள் ஞாபகம் வந்தார்கள். இவர் எழுந்து போகவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு அதே காரியத்தைச் செய்திருக்கிறார். அதை அவரும் யோசித்திருக்கிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அடுத்த மாசம் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"குடிச்சேன். அதுக்கு அடுத்த மாசமும் குடிச்சேன். பயந்துக்கிட்டேதான் குடிச்சேன்," என்றார். "நீ என்னைய மன்னிக்கணும் கிருபை."

மன்னிப்பு கேட்க வேண்டியவள் நான். "மொதல்ல போயிப் படம் எடுத்துட்டு வாங்கய்யா" என்றேன்.

எடுத்தார். ஆனால் நோய் இல்லை என்று படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்கிற பெரிய டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார். அன்றைக்கு அவர் வந்துவிட்டுப் போய்விட்டிருந்தார். ஒரு வாரம். என் படத்துக்குக் காத்திருந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. செவ்வாய்க்கிழமை காற்றூசி வந்தது, போனது. அந்த 'டப்' சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. ஆத்தா கொண்டுவந்த முட்டையைப் பாத்துமா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவர் எனக்காகத் தொழுகையில் கேட்பதாகச் சொன்னார். "எனக்கு இல்லக்கா, எங்க ஐயருக்குக் கேளுங்க" என்றேன். "ரெண்டு பேருக்கும் கேக்குறேன், அல்லாவுக்குக் கை வலிக்காது" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா தாமே வார்டுக்கு வந்தார். அவர் நடையை வைத்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"நெழல் எதுவும் இல்ல. சளியும் சுத்தம். இருமல் பஸ் புழுதிதான். ஆனா இந்த நோவு உள்ள பதுங்கிக் கெடந்துட்டு வருசம் கழிச்சும் வரும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாக்கணும்."

அவருக்குப் பின்னாலேயே ஐயர் பெட்டியோடு நின்றிருந்தார். நர்ஸ் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐயர் ஸ்டூலின் மேல் வெள்ளைத் துணியை விரித்தார். கிண்ணத்தில் ரசத்தை ஊற்றினார். ஜெபித்தார். முதலில் தாம் எடுத்துக்கொண்டார். பிறகு அப்பத்தை என் கையில் வைத்தார், கிண்ணத்தை என் வாய்க்குக் கொண்டுவந்தார். நான் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டேன். அது வழக்கமில்லை, அவர்தான் பிடித்துக்கொண்டு தர வேண்டும். ஆனாலும் விட்டுவிட்டார்.

ஒரு மடக்குக் குடித்தேன். அவர் கையை நீட்டினார். என் வாய் பட்ட மிச்சத்தை இந்தத் தடவை என் கண்ணுக்கு முன்னால் குடிக்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. என் சளியில் அப்போதும் கிருமி இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

கிண்ணத்தை நான் கொடுக்கவில்லை.

"குடும்மா. அது என் வேலை," என்றார்.

"இன்னைக்கு என் வேலைங்கய்யா," என்றேன்.

தலையைச் சாய்த்து ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அடியில் தங்கியிருந்த திராட்சைத் தோலைக்கூட விடவில்லை. ஆறு மாதம் கடைசியில் முழங்காலிட்டபோதெல்லாம் என்னை ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறவளாகத்தான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அந்தக் கிண்ணத்துக்கு நான் சொந்தக்காரி. பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். தொண்டைக்குள் இறங்கும்போதே அடுத்த செவ்வாய்க்கிழமை ஊசி ஞாபகம் வந்தது, ஓட்டை மூடுமா என்ற கவலை வந்தது. எல்லாப் பயத்தையும் வைத்துக்கொண்டே குடித்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது ஐயர் இன்னும் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெறுங்கிண்ணத்தை அந்தக் கையில் வைத்தேன்.